கிரீடம் போட்ட வாட்ச்சும் கரோலின் மதினியும்

எங்கள் கரோலின் மதினியை வீட்டுக்குக் கூப்பிட்டால் நேராக வந்து நாற்காலியில் உட்கார மாட்டாள். முதலில் நாற்காலியைக் கவிழ்த்துப் பார்ப்பாள். அடியில் ஏதாவது நம்பர் அடித்திருக்கிறதா, எந்த வருடத்துச் சரக்கு என்று தெரிந்தால்தான் அவளுக்கு நிம்மதி வரும். நான் ஆசை ஆசையாக வாங்கிய புது மிக்சியை, காப்பி கொண்டுவருவதற்குள் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டாள்.

"ஏட்டி சுந்தரி, இது மூணு வருசம் கடையில கெடந்த சாமான். புதுசுன்னு ஒன் தலையில கட்டிட்டான்."

"ஓடுதுல்லா மதினி? அது போதும் எனக்கு."

"ஓடுது. ஆனா பழசு."

அன்றிலிருந்து அந்த மிக்சியின் சத்தமே எனக்குக் கிழச் சத்தமாகக் கேட்கிறது. பாவி!

கரோலின் மதினி என் அண்ணன் ஜெயகரனின் மனைவி. பூர்வீகம் நாசரேத் பக்கம் என்றாலும் இரண்டு குடும்பமுமே செகந்திராபாத்தில் ஊறிப்போனவை. அண்ணன் பாங்கில் வேலை பார்த்தான். மதினி ராணுவத்துக்குச் சாமான் செய்கிற ஒரு பெரிய தொழிற்சாலையில் சரக்குப் பரிசோதகர். வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு பெட்டியிலும், உள்ளே இருக்கும் ஒவ்வொரு சாமானிலும் நம்பர் சரியா, சான்றிதழில் சொன்ன வருடம் சரியா என்று பார்க்க வேண்டியது அவள் பொறுப்பு. ஒரு எழுத்து மாறியிருந்தாலும் லாரி வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். சனத்நகர் பட்டறைகளிலிருந்து சரக்கு ஏற்றி வருகிறவர்கள் கேட் காவலாளியிடம், "மேடம் இன்னைக்கு லீவா?" என்று ஆவலோடு விசாரித்துவிட்டுத்தான் உள்ளே வண்டியை விடுவார்களாம். மதினி லீவே போடாத பிறவி என்பது அவர்களுடைய தலைவிதி.

நன்றாகச் சாப்பிடுவாள், நன்றாகச் சிரிப்பாள், கோயில் பாடகர் குழுவில் ஆல்டோ பாடுவாள். ஆபத்து சமயத்தில் முதல் ஆளாக ஆட்டோ பிடித்து வந்து நிற்பவளும் அவள்தான். நம்பர் என்று வந்துவிட்டால் மட்டும் கண்ணில் இரக்கம் இருக்காது.

2006 வாக்கில் உப்பலில் இருந்த அவர்கள் வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்தது. மகள் ஹெப்சிக்கு மாதாப்பூரில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை, அவளுக்காகத்தான் போட்டார்கள். ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தது அம்மாக்காரி. விலை உயர்ந்த சுவிஸ் கைக்கடிகாரங்களில் ஒரு தொடர் எண் பொறித்திருக்கும், அந்த எண்ணை வைத்து அது எந்த வருடம் பிறந்தது என்று சொல்லிவிடலாம், அதற்கென்றே வாட்ச் பைத்தியங்கள் பட்டியல் போட்டு இன்டர்நெட்டில் வைத்திருக்கிறார்கள் என்று அவள் கண்டுபிடித்தாள். அவ்வளவுதான். மிக்சியும் நாற்காலியும் பிழைத்தன. ஊர் ஆண்களின் மணிக்கட்டுக்குச் சனி பிடித்தது.

அப்போது ஊரில் பாதி வீட்டுப் பிள்ளைகள் அமெரிக்காவில். ஊருக்கு வரும்போது அப்பாவுக்கு ஒரு வாட்ச் வாங்கி வருவது வழக்கமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால், எங்கள் தமிழ்க் கோயில் வாசல் வாட்ச் கடை மாதிரி மின்னும். மதினி கைப்பையில் ஒரு சின்னப் பூதக்கண்ணாடியோடு நடுவில் போய் நிற்பாள். "அண்ணாச்சி, வாட்ச் ரொம்ப அழகா இருக்கே, ஒரு நிமிசம் கழத்துங்களேன்" என்று தேனாகப் பேசுவாள். மறு ஞாயிறு, எல்லார் முன்னாலும், "அது தொண்ணூத்தெட்டாம் வருசத்து வாட்ச்சு" என்று போட்டு உடைப்பாள்.

மதினிக்குப் பக்கத்து வீட்டு சீதாராமன் சார் கதி இப்படித்தான் ஆயிற்று. நியூஜெர்சியிலிருந்து மகன் கொண்டுவந்த 'பிராண்ட் நியூ' வாட்ச்சுக்குப் பத்து வயது என்று மதினி சொல்லிவிட்டாள். அவர் மகனை போனில் பிடித்து உலுக்க, கூட வேலை பார்த்தவனிடம் பாதி விலைக்கு வாங்கியது என்று அந்தப் பிள்ளை ஒப்புக்கொண்டது. சீதாராமன் சாரின் மனைவி ரமணி மாமி கொதித்துப் போனார். "பூதக்கண்ணாடிய வச்சுண்டு ஊர் குடியக் கெடுக்கறா! அவாத்துல வேற வேலையே இல்லையா?" என்று காம்பவுண்டு சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கும்படியாகவே சொன்னார். மதினி அசரவில்லை. "நான் என்ன கெடுத்தேன்? நம்பர்தான் சொல்லிச்சு" என்றாள். அந்த மே மாதம் எங்கள் கோயிலில் பல ஆண்கள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வேர்த்து வழிந்தார்கள். காரணம் எனக்குத் தெரியும்.

2009இல் ஹெப்சிக்குக் கல்யாணம் அமைந்தது. மாப்பிள்ளை வெஸ்லி, போவன்பள்ளி பையன். அவனும் சாஃப்ட்வேர். உண்மையைச் சொன்னால் அமையவில்லை, இரண்டு பேரும் தாங்களாகவே அமைத்துக்கொண்டார்கள். பெரியவர்கள் நாங்கள் பார்த்து முடித்தது மாதிரி நடித்தோம். வெஸ்லியின் அப்பா ஜெயச்சந்திரன் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். நிமிர்ந்த நடை, கஞ்சி போட்ட சட்டை, கையில் கிரீடம் போட்ட ரோலெக்ஸ் வாட்ச்.

நிச்சயதார்த்தத்தன்று பிரியாணிக்கு முன்னால் அந்த வாட்ச்சின் சரித்திரத்தை அவர் எல்லாருக்கும் சொன்னார். அவருடைய அப்பா லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அவர் கை வேலையைப் பார்த்து மயங்கிய வெள்ளைக்கார துரை, நாற்பத்தேழில் கப்பல் ஏறுவதற்கு முன்னால், முந்தின வருடம்தான் வாங்கிய சொந்த வாட்ச்சைக் கழற்றி ஃபிட்டர் கையில் கட்டிவிட்டுக் கண் கலங்கினாராம். சொல்லும்போது ஜெயச்சந்திரன் கண்ணும் கலங்கியது.

நான் திரும்பி மதினியைப் பார்த்தேன். அவள் கண் கலங்கவில்லை. வாட்ச்சின் தோல்பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மாதிரி வாட்ச்சில் நம்பர் பட்டை சேரும் இடத்தில், பட்டைக்கு அடியில் ஒளிந்திருக்குமாம். ஜெயச்சந்திரன் சாப்பிட்டுக் கை கழுவப் போகும்போது வாட்ச்சைக் கழற்றினார். "குடுங்க அண்ணாச்சி, தண்ணி படாம நான் வச்சிருக்கேன்" என்று ஓடிப்போய் வாங்கிக்கொண்டாள். கொண்டையிலிருந்த ஹேர்பின்னை உருவினாள், பட்டையின் முள்ளைத் தள்ளினாள், பார்த்தாள், திரும்ப மாட்டினாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் ஒன்றும் தெரியாதவள் போல ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இவள் மட்டும் பிக்பாக்கெட் தொழிலுக்குப் போயிருந்தால் அண்ணன் பாங்க் வேலைக்கே போயிருக்க வேண்டாம்.

அதற்குப் பிறகு கோயிலில் கல்யாண ஓலை வாசிக்க ஆரம்பித்தார்கள். எங்கள் வழக்கப்படி மூன்று ஞாயிறு அடுத்தடுத்து இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் என்று பாஸ்டர் சபையில் வாசிப்பார். தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்பார். யாரும் சொன்னதாகச் சரித்திரம் இல்லை. முதல் ஓலை ஆயிற்று, இரண்டாவது ஓலை ஆயிற்று. இரண்டாவது ஓலை வாசித்த அன்று மத்தியானம் மதினிக்கு ஓய்வு கிடைத்தது. கம்ப்யூட்டரில் போய் உட்கார்ந்தாள். ஜெயச்சந்திரன் வாட்ச்சின் நம்பர் நாலு லட்சத்துச் சொச்சம். பட்டியலில் அது 1959 என்று இருந்தது.

மதினி அண்ணனைக் கூப்பிட்டாள். எனக்கு போன் அடித்து வரவழைத்தாள். நாங்கள் போனபோது நீதிபதி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"நாப்பத்தேழுல ஊருக்குப் போன தொர, அம்பத்தொம்பதுல செஞ்ச வாட்ச்ச எப்படிங்க குடுத்தாரு? பேயா வந்தா குடுத்தாரு?"

"அதுக்கு இப்ப என்னங்க?" என்றான் அண்ணன். அவன் பயந்தால் மனைவிக்கும் 'ங்க' போடுவான்.

"என்னவா? அப்பா வாட்ச்சு விசயத்துல பொய் சொல்லுதாரு. மகன் ஆறு வருச அனுபவம்னு சொல்லுதான். அது மட்டும் மெய்யின்னு யாரு கண்டா?"

அந்த வருடம் அப்படிப்பட்ட வருடம்தான். சாஃப்ட்வேர் வேலைகள் ஆட்டம் கண்டிருந்தன. பொய் அனுபவச் சான்றிதழ் காட்டி வேலைக்குச் சேர்ந்தவர்களைக் கம்பெனிகள் பிடித்துப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தன. மதினி பயந்ததில் முழுக்கத் தப்பில்லை. ஆனால் அவள் செய்த காரியம் இருக்கிறதே! எங்களிடம் சொல்வதற்கு முன்பே பாஸ்டருக்கு போன் போட்டு, மூன்றாவது ஓலையைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள் என்று சொல்லிவிட்டாள்.

ஹெப்சிக்குக் கோபம் வந்தால் தமிழ் ஓடிப்போய்விடும். "மம்மி, நீக்கு பிச்சா?" என்று, பைத்தியமா உனக்கு என்பதைத் தெலுங்கில் கத்தினாள். பிறகு இங்கிலீஷில் கத்தினாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பாஷையும் இல்லாமல் அழுதாள். மண்டபம் சொல்லியாயிற்று, பத்திரிகை கொடுத்தாயிற்று, அதெல்லாம் கூடப் போகட்டும், அந்தப் பெண்ணுக்கு அந்தப் பையனை விட்டால் வேறு எதுவும் வேண்டாம் என்பது ஊருக்கே தெரியும். எனக்கு வந்த ஆத்திரத்தில் பூதக்கண்ணாடியை எடுத்து மூசி ஆற்றில் எறிந்துவிடலாம் போலிருந்தது.

மறுநாள் ஹெப்சி வீங்கிய கண்ணோடு வெளியே வந்தாள். டெஸ்டிங் வேலை பார்க்கிறவள் அல்லவா, அம்மாவின் பட்டியலையே இரவு முழுக்கச் சோதித்திருக்கிறாள்.

"மம்மி, நீ கீழயிருந்து மேல பாத்துட்டு வந்தே. அம்பத்தொம்பதுல நம்பர் கெடச்சதும் நிறுத்திட்டே. இன்னும் மேல போ."

மதினி போனாள். 1946க்கு நேராகவும் அதே நாலு லட்சத்துச் சொச்சம் இருந்தது. அந்தக் கம்பெனி ஐம்பதுகளில், நம்பர் பத்து லட்சத்தை நெருங்கியதும், மறுபடி சின்ன நம்பரிலிருந்து போட ஆரம்பித்திருக்கிறது. மதினியின் தொழிற்சாலையில் ஒரு நம்பர் ஒரு சாமானுக்குத்தான், பிரளயம் வந்தாலும் இன்னொன்றுக்குக் கிடையாது. உலகத்தில் எவனாவது போட்ட நம்பரையே திரும்பப் போடுவான் என்பது அவள் மண்டையில் ஏறவே இல்லை.

"ஒரே நம்பர ரெண்டு தடவ போட்டிருக்கான்! இவனெல்லாம் ஒரு கம்பெனின்னு!" என்று சுவிட்சர்லாந்து தேசத்தையே திட்டினாள்.

"ஸோ, நாப்பத்தாறா இருக்கலாம்லா?" என்றாள் ஹெப்சி.

"இருக்கலாம். அம்பத்தொம்பதாவும் இருக்கலாம். பின்மூடியத் தொறந்தா தெரிஞ்சிரும். அம்பதுகளோட கடைசியில செஞ்சதுன்னா மூடிக்கு உள்பக்கம் வருசம் அடிச்சிருப்பான்."

விஷயம் போவன்பள்ளிக்குப் போய்விட்டது. ஓலை நின்றால் போகாமல் இருக்குமா? ஜெயச்சந்திரன் துள்ளிக் குதித்தார். "தொறந்தே பாக்கட்டும்! எங்க அப்பா பேரு சுத்தம். நாப்பத்தாறுன்னு தெரிஞ்சுதுன்னா அந்தம்மா எங்கிட்ட மன்னிப்பு கேக்கணும்" என்று வெஸ்லி மூலம் சொல்லி அனுப்பினார்.

சனிக்கிழமை காலை ஜெனரல் பஜாரில் ஒரு பழைய வாட்ச் கடையில் கூடினோம். ஜெயச்சந்திரன், வெஸ்லி, ஹெப்சி, அண்ணன், மதினி, நான். ஆறு பேரைத் தாங்கும் கடை இல்லை அது. அண்ணன் பாதி உடம்பை ரோட்டில் வைத்திருந்தான். கடைக்கார பாய் எங்களைப் பார்த்து மிரண்டு, "கைக்கு இத்னே லோகான்?" என்றார். ஒரு வாட்ச்சுக்கு எதற்கு இத்தனை பேர் என்பது நியாயமான கேள்விதான்.

வெஸ்லி மட்டும் சிரித்த முகமாக இருந்தான். "ஆன்ட்டி, கம்பெனில என் பேக்ரவுண்ட் செக் ரெண்டு தடவை முடிஞ்சிருச்சு. வேணும்னா மூணாவது நீங்க பண்ணிக்கோங்க" என்றான். நல்ல பையன். எனக்கு அப்போதே அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

பாய் கருவியைப் பொருத்தி மூடியைத் திருகினார். மதினி கை நீட்ட, "நக்கோ, நக்கோ" என்று தடுத்து, இடுக்கியில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார். மதினி பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்தாள். ஹெப்சி என் கையைப் பிடித்து நசுக்கினாள். மதினி நிமிர்ந்தபோது அவள் முகத்தில் வெற்றி இல்லை. ஜெயச்சந்திரனை ஒரு தரம் பார்த்தாள். பொய் சொல்லிவிடு, நாற்பத்தாறு என்று சொல்லிவிட்டுப் போ என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன்.

"அம்பத்தொம்பது" என்றாள்.

ஜெயச்சந்திரன் பாயின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கஞ்சி போட்ட சட்டை அப்படியே விறைப்பாக இருந்தது, ஆள் மட்டும் உள்ளே சுருங்கிப் போனார். "எங்க அப்பா சாகும்போது கூட அதத்தானே சொன்னாரு" என்றார்.

மதினி ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள். "நீங்க வருத்தப்படாதீங்க அண்ணாச்சி. சான்றிதழ் பொய்யா இருந்தா கம்பெனியத்தான் பிடிப்போம். சரக்கக் கொண்டுவந்த லாரி டிரைவர ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

கர்த்தாவே! ஜெயச்சந்திரன் எழுந்தார். "எங்க அப்பா ஃபிராடு, நான் லாரி டிரைவரா? போதும்மா ஒங்க சம்பந்தம். வாடா வெஸ்லி." வாட்ச்சை மூடக்கூட விடாமல் பாயின் கையிலிருந்து பிடுங்கப் போனார். வெஸ்லி நகரவில்லை. ஹெப்சி அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் மதினியாக இருந்திருந்தால் பாயின் மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டிருப்பேன்.

மதினி கடை வாசலை மறித்து நின்றாள்.

"அண்ணாச்சி, நில்லுங்க. நான் எந்த வருசம் பொறந்தேன்னு நெனைக்கீங்க?"

"அது எனக்கெதுக்கு?"

"சர்க்கார்ல அம்பத்திரண்டு. மெய்யா அம்பது. எங்க அப்பா பள்ளிக்கூடத்துல சேக்கும்போது ஹெட்மாஸ்டர் கிட்ட வயசுல ரெண்டக் கொறச்சுச் சொல்லிட்டாரு. பொட்டப்பிள்ள, பின்னால ரெண்டு வருசம் கூட வேல பாக்கட்டும்னு. கல்யாணத்துக்கு ஞானஸ்நானச் சீட்டு கேட்டதுக்குக் கரையான் அரிச்சிட்டுன்னாரு. கரையானும் இல்ல, ஒண்ணும் இல்ல. என் ஓலையே பொய் வருசத்துலதான் வாசிச்சாங்க."

நான் மனசுக்குள் கூட்டிக் கழித்தேன். அண்ணன் ஐம்பத்தொன்றாம் வருடம் பிறந்தவன். பெண் மாப்பிள்ளையை விட ஒரு நாளாவது சின்னவளாக இருக்க வேண்டும் என்று எங்கள் அம்மா ஒற்றைக் காலில் நின்று தேடிப் பிடித்த மருமகள் இவள். அம்மா உயிரோடு இல்லாதது நல்லதாகப் போயிற்று.

ரோட்டில் நின்ற அண்ணன் தலையை மட்டும் உள்ளே நீட்டினான். "அப்ப நீ எனக்கு மூத்தவளா?"

"ஆமா. ஒரு வருசம்."

"அதான் முப்பது வருசமா என்னைய இந்த அதட்டு அதட்டுதியாக்கும்" என்றான் அண்ணன். அவன் குரலில் கோபம் இல்லை. ஒரு பெரிய சந்தேகம் தீர்ந்தவன் மாதிரி இருந்தான்.

மதினிக்கு மூக்கு சிவந்துவிட்டது. நான் அவளை அப்படிப் பார்த்ததே இல்லை. "ஒரு ஃபிட்டர் காசு சேத்து வாட்ச்சு வாங்கினேன்னு சொன்னா இந்த ஊரு நம்பியிருக்குமா அண்ணாச்சி? எங்கேயோ திருடிட்டான்னுதான் சொல்லும். தொர குடுத்தாருன்னா வாயப் பொத்திக்கிடும். ஒங்களுக்கு அந்தப் பேச்சு வரக்கூடாதுன்னு சொல்லியிருப்பாரு. ஒங்க அப்பாவும் எங்க அப்பாவும் நம்ம நல்லதுக்குத்தான் வருசத்த மாத்தினாங்க. நான்தான் கூறுகெட்டத்தனமா பேசிட்டேன். எம்மவ வாழ்க்கையில கை வச்சிராதீங்க."

ஜெயச்சந்திரன் பாயிடமிருந்து வாட்ச்சை வாங்கி, திறந்த முதுகோடு உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "சம்பாரிச்சே வாங்கியிருக்காரு. ஓவர்டைம் பாத்துப் பாத்துக் கை காய்ச்சுப் போயிருக்கும். நான் அந்தத் தொரையையில்ல இத்தன நாளாப் புகழ்ந்துக்கிட்டுத் திரிஞ்சேன்" என்று சொல்லிவிட்டு அழுதார். பாய்க்கு எங்கள் தமிழ் ஒரு எழுத்தும் புரியவில்லை. ஆனாலும் அவர்தான் எல்லாருக்கும் சாய் வரவழைத்தார்.

மறுநாள் ஞாயிறு. கோயில் நிரம்பி வழிந்தது. ஓலை நிறுத்தச் சொன்ன சமாச்சாரம் எப்படியோ சபை முழுக்கப் பரவிவிட்டது. (நான் இரண்டே பேரிடம்தான் சொன்னேன்.) மதினியே மறுபடி போன் போட்டுச் சொன்னதால் பாஸ்டர் மூன்றாவது ஓலையை வாசித்தார். "இந்த விவாகத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் இப்பொழுது சொல்லலாம்" என்றார்.

ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம், பாடகர் குழு என்று அத்தனை தலையும் மதினி பக்கம் திரும்பியது. பாஸ்டர் கூடக் கண்ணாடிக்கு மேலாக எட்டிப் பார்த்தார். மதினி சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். ஹெப்சியின் முகம் வெளுத்தது.

"எதுக்கு எல்லாரும் என்னையவே பாக்கீங்க?" என்றாள் சத்தமாக. "எனக்கு ஒண்ணும் தெரியாது."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். முன்வரிசையில் ஜெயச்சந்திரனின் தோள் சிரிப்பில் குலுங்கிக் குலுங்கி அடங்கியது.